படகு வலித்த அப்பா

காலையில் புதினாத் தேநீர் குடிக்காமல் நான் எந்தக் கட்டுரையையும் நிராகரிப்பதில்லை. வெறும் வயிற்றில் நீதி தவறிவிடும்.

அலெக்சாந்திரியாவில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மீனியல் ஆய்விதழின் ஆசிரியர் நான். முனைவர் பட்டத்துக்காக நஜ்லா என்ற பெண் ஒரு கட்டுரை அனுப்பினாள். ஏரியில் உப்புக் கூடினால் மடவை மீன்கள் எங்கே போகின்றன என்று நான்கு ஆண்டு படகில் திரிந்து கண்டுபிடித்திருந்தாள். நல்ல கட்டுரை. அவசரப்பட்டு வெளியிட மனம் வரவில்லை. பதினொரு மாதம் என் மேசையிலேயே இருந்தது. இடையில் அது வேறோர் இதழில் என் பெயரில் வெளிவந்தது. பிறகு அவளுடையதைப் புதுமை இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

நேரில் வந்தாள்.

"டாக்டர், இது என் கட்டுரை. ஒரு கமா கூட மாறல."

"நல்ல யோசனை ரெண்டு பேருக்கும் தோணும், மகளே."

"ஏரிப் பக்கமே நீங்க வந்ததில்லையே!"

"புகாரை எழுதிக் குடு. விதிப்படி விசாரிப்போம்."

"யாரு விசாரிப்பாங்க?"

"ஆசிரியர்தான்."

விதிப்படியே பார்த்தேன். முதலில் வெளியானதுதான் மூலம். கணினி தொண்ணூற்றேழு விழுக்காடு ஒற்றுமை என்றது. இவ்வளவு துணிச்சலான திருட்டை நான் கண்டதில்லை என்று தீர்ப்பெழுதினேன். பல்கலைக்கழகத்தில் அவள் பட்டத்தை நிறுத்தினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வழக்கு வேண்டாம் என்று பரிந்து பேசியதும் நான்தான். என் அறையில் உட்கார்ந்து எழுதினாள். வாக்கியங்களை நானே சொல்லிக் கொடுத்தேன். இப்போது மீன் சந்தையில் எடை போடுகிறாளாம். துறையை விட்டுவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

நான் அகப்பட்டது கட்டுரையின் கடைசியில் இருந்த நன்றியுரையால். அதை யார் படிக்கிறார்கள்? நானும் படிக்கவில்லை. 'நான்கு ஆண்டும் படகு வலித்த என் அப்பாவுக்கு' என்று என் பெயரிலேயே அச்சாகியிருந்தது. துணைவேந்தர் வக்தி என் பள்ளித் தோழன். கூப்பிட்டுக் கேட்டான்.

"ஏண்டா ரம்ஸி, உங்கப்பா நீதிபதி. கடற்கரையில கூட செருப்பைக் கழட்டாத மனுஷன். அவரு எப்போடா துடுப்பு பிடிச்சாரு?"

விசாரணைக் குழுவினரே, நீங்கள் கேட்ட ஒப்புதல் வாக்குமூலம் இதுதான். கட்டுரையை எடுத்தேன், நான் எடுத்ததற்கு அவளைத் திருடியாக்கினேன். மன்னிப்புக் கடிதமும் கேட்டிருந்தீர்கள், இணைத்திருக்கிறேன். நஜ்லா அன்று எழுதியதுதான், பெயரை மட்டும் மாற்றினேன். கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், அவ்வளவுதான்; எழுத்து என்னுடையது.