பேச்சியம்மாளுக்குப் பந்து கொடுத்த அணித்தலைவி பொன்னுத்தங்கம் அவர்களுக்கு

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாய், அச்சகப் பிரிவின் அயராத அலுவலராய், எங்கள் அனைவருக்கும் அன்பு அக்காளாய் விளங்கி, இன்று ஆடுகளத்திலிருந்தும் அலுவலிலிருந்தும் விடைபெறும் அம்மையீர், வணக்கம்.

ஆமத்தூரில் நிலம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்து, மதுரைப் பெண்கள் கல்லூரியில் பயின்று, அங்கே பந்தோடு பந்தாய்ப் பாய்ந்து பல பரிசுகள் வென்றவர் நீங்கள். அந்த ஆட்டத்தைக் கண்ட எங்கள் முதலாளி சங்கரபாண்டியன் அவர்கள், 1957ஆம் ஆண்டில் உங்கள் ஊருக்கே தேடி வந்தார். கம்பெனி பெயரில் பெண்கள் அணி ஒன்று அமைக்க வேண்டும், அதற்காகவே வேலை தருகிறேன் என்றார். உங்கள் தந்தையாருக்கு அது விளங்கவில்லை.

"பந்து விளையாடுறதுக்குப் போயி யாராச்சும் சம்பளம் குடுப்பாகளா?" என்று கேட்டாராம்.

"நல்லா விளையாடுனா குடுப்பாக அய்யா. நான் நல்லா விளையாடுவேன்" என்றீர்களாம். தற்பெருமை அறியாத உங்கள் வாயிலிருந்து தற்பெருமை போல வந்த ஒரே சொல் அதுதான்.

லேபிள் ஒட்டுகிறவர்களையும் சரம் பின்னுகிறவர்களையும் சேர்த்து, அச்சகத்துப் பின்புறத்துப் பொட்டலை நிரவி, அணியை நீங்கள் ஆக்கினீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடியவர்களைச் சீருடைக்குப் பழக்கினீர்கள். எங்களில் நெட்டையான பேச்சியம்மாள் உங்களுக்கு வலக்கையானார். நான்கே ஆண்டுகளில் நம் அணி மதுரை இறுதி ஆட்டத்துக்குத் தேர்வானது.

அந்த ஆட்டத்துக்கு முந்திய வாரம் நடந்ததை எழுதலாமா என்று தயங்கினோம். "அதையும் எழுதுங்க, இல்லைன்னா மடல் எதுக்கு?" என்று முதலாளியே சொன்னதால் எழுதுகிறோம். அச்சங்குளத்துக் கிளையில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அடுத்த அறையில் சரம் பின்னிக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் வலது கை வெந்துபோனது.

"கப்பு நம்ம கம்பெனிக்கு வந்தாகணும். அந்தப் புள்ளைக்குப் பதிலா வேற ஆளை நிறுத்துங்க" என்றார் முதலாளி.

"ஆளை நிறுத்திரலாம் முதலாளி. அவ கை எப்படி இருக்குன்னு கேக்க நீங்க இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரலையே" என்றீர்கள்.

நீங்கள் மறுத்துவிட்டதால் இறுதி ஆட்டத்துக்கு நம் அணி போகவில்லை. அந்த மாலை நீங்கள் விருதுநகர் ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். அணி கலைக்கப்பட்டது. உங்களை அச்சகத்தில் லேபிள் கட்டுகளைச் சரிபார்க்க அனுப்பினார்கள். வேறு ஊர்க் கம்பெனி ஒன்று உங்களை அழைத்தது, போக மறுத்தீர்கள். கோபமின்றி, குறையின்றி, வந்த வேலையை வகையாய்ச் செய்தீர்கள்.

புண் ஆறியபின் பேச்சியம்மாளின் விரல்கள் மடங்கவில்லை. வேலை முடிந்ததும் தினமும் அவரைப் பொட்டலுக்கு அழைத்துப்போய், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, பூப்போலப் பந்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். அது பிடிபடாமல் நழுவி நழுவி விழுந்தது.

"விட்டுருங்கக்கா. இது இனிமே கையே இல்லை" என்று அழுதார் அவர்.

"இன்னைக்கு இம்புட்டுப் போதும் தாயி. நாளைக்குப் பாப்போம்" என்றீர்கள்.

நாளை நாளை என்றே ஓராண்டுக்கு மேல் போனது. பந்து கைக்குள் நின்ற அன்று அச்சகமே வேலையை விட்டு வெளியே வந்தது. கூட்டத்தின் பின்னால் முதலாளியும் நின்றிருந்தார். மறுநாள் உங்களை அழைத்து, அணியைத் திரும்பக் கூட்டச் சொன்னார். மருந்து அறையைச் சரம் பின்னும் அறையிலிருந்து தள்ளிக் கட்டினால் கூட்டுகிறேன் என்றீர்கள். அவர் கட்டினார். இன்று அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும் அதற்காக உங்களை நினைக்கிறோம்.

1965இல் மீண்டும் மதுரையில் இறுதி ஆட்டம். முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து உங்கள் கையில். எதிரணியினர் உங்களைச் சூழ்ந்துகொண்டனர். நீங்கள் பேச்சியம்மாளிடம் கொடுத்தீர்கள். அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. தோற்றோம்.

"என்கிட்ட ஏன்க்கா குடுத்தீக? நீங்க போட்டிருந்தா விழுந்திருக்கும்ல?" என்று வண்டியில் விம்மினார் பேச்சியம்மாள்.

"உன் பக்கம்தான் ஆள் இல்லை. பிறகு யாருகிட்டக் குடுப்பேன்? நாளைக்கே அப்படி நின்னாலும் உனக்குத்தான் குடுப்பேன்" என்றீர்கள். இரக்கத்தால் கொடுக்கவில்லை, ஆட்டக்காரி என்பதால் கொடுத்தீர்கள் என்று அன்று அவருக்குப் புரிந்தது. விருதுநகர் தாண்டியதும் அவரே எங்கள் எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோப்பை இன்றுவரை நமக்கு வரவில்லை. அதற்காக நாங்கள் வருந்தியதுமில்லை.

ஓடி ஓடி உங்கள் முழங்கால் தேய்ந்தது. தந்தையார் மறைந்தபின் கரிசல் காட்டைக் கவனிக்கவும் ஆளில்லை. ஆகவே பிரிகிறீர்கள், பிரியமில்லாமல் ஒப்புகிறோம்.

இருக்கன்குடி மாரியம்மன் அருளால் உங்கள் கால்வலி தணியட்டும். உங்கள் பருத்தியும் மிளகாயும் காலத்தில் காய்க்கட்டும். நலமும் நிம்மதியும் நிறைந்து நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். நாளை மாலை பேச்சியம்மாள் தலைமையில் ஆட்டம் வழக்கம்போல் நடக்கும். எப்போது ஆமத்தூரிலிருந்து வந்தாலும் நேரே பொட்டலுக்கு வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பிரிவை இன்னும் பழகிக்கொள்ளாத
அலுவலகத்தார், அச்சகத்தார், தொழிலாளர் மற்றும் கூடைப்பந்து அணியினர்
சிவகாசி, கார்த்திகை 1969