கீழே இறங்கிய வெள்ளைக் கற்கள்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் தலைகவிழ்ந்திருக்கும் கொன்சாலோ அவர்களே, சான் இலாரியோ மக்களே! எரிமலையைக் கண்காணிக்கும் மேல்மலைக் காவலாளி தொமித்திலாவின் வணக்கம். கீழ்க்கரைக் காவலர், பெருந்தகை ரோசெந்தோ சிக்காய்சா மறைந்துவிட்டார். அவரை மலை கொன்றது என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மலையா கொன்றது?

நம் எரிமலை கொட்டோபாக்சி யாரையும் ஏமாற்றியதில்லை. உச்சியில் பனிக்கட்டி, வயிற்றில் நெருப்பு. இரண்டும் சந்தித்தால் சேறு இறங்கும் என்று நம் பாட்டன்களுக்கே காட்டிவிட்டது. 1877-இல் அந்தச் சேறு லத்தகுங்கா நகரை அழித்தது, மறுபக்கம் பசிபிக் கடல்வரை போனது. நம் பள்ளத்தாக்கில் அது எவ்வளவு உயரம் ஏறியது என்பதை ரோசெந்தோ மண்ணைத் தோண்டித் தோண்டிக் கண்டுபிடித்தார். ஊர்வேலைக்கு அழைக்கும் சங்கை ஊதினார். ஊரே கடப்பாரையோடு வந்து அந்த உயரத்தில் வெள்ளைக் கற்களை நட்டது. "கல்லைத் தாண்டிட்டா உசிரு தப்பிச்சது" என்று பிள்ளைகளை ஓடப் பழக்கினார்.

கேலி பேசாதவர் யார்? "என்ன ரோசெந்தோ, உம்ம பொண்டாட்டி இன்னைக்குக் கோவமா இருக்காளா?" என்பீர்கள், மலையைக் காட்டி. "பொண்டாட்டி கோவிச்சா தட்டு பறக்கும். இவ கோவிச்சா வீடே பறக்கும்யா" என்பார். சிரித்துக்கொண்டே அவர் வீட்டு மக்காச்சோளக் கள்ளையும் குடிப்பீர்கள்.

கல்லுக்குக் கீழே கட்டிடம் கூடாது என்பது சட்டம். இங்கே மண்டபம் வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆசையையா விட்டீர்கள்? கல்லை நகர்த்தினீர்கள்! அவர் காய்ச்சலில் கீட்டோ மருத்துவமனையில் கிடந்த மாதங்களில், ஊர் கூடி, சங்கு ஊதாமல்! சங்கு ஊதாத ஊர்வேலை இந்த அடிவாரத்தில் உண்டா?

திரும்பி வந்தவர் கொன்சாலோவிடம் கேட்டார்: "கல்லு கீழ இறங்கியிருக்கே, ஆத்துல தண்ணி குடிக்கவா?"

"மேல குளிருதுன்னு இறங்கியிருக்கும், விடுங்கண்ணே!"

அன்று மாலையே, கற்களை மேலே ஏற்றச் சங்கு ஊதினார். பிறகு வயர்லெஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "தொமித்திலா, ஊதினேன். ஒரு நாய்கூட வரலம்மா."

மறுநாள் மதியம், பனிமேல் கிடந்த சாம்பலில் பெருமழை கொட்டியது. "சேறு வருதுண்ணே!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன். கீழே சங்கு முழங்கியது. பள்ளிப் பிள்ளைகள் கல்லைத் தாண்டியதும் நின்றுவிட்டார்கள். பழக்கியபடியே நின்றார்கள்! கல் நகர்ந்தது தெரிந்த பெரியவர்கள் நிற்காமல் ஓடினீர்கள். ஒருவராவது திரும்பிப் பார்த்தீர்களா? ரோசெந்தோதான் இறங்கினார். "இது பொய்க்கல்லு, ஏறுங்க, ஏறுங்க!" என்று பிள்ளைகளை விரட்டினார். கடைசியாக அவர் மேலே தள்ளியது நார்சிசாவை. கொன்சாலோவின் மகள், ரோசெந்தோவின் ஞானமகள். அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

வந்தது மலையின் ஒரு சின்னத் தும்மல்தான். அந்தத் தும்மலே இங்கேயும் நுழைந்தது. தலைவர் அவர்களே, உங்கள் முதுகுக்குப் பின்னால் துக்கத்துக்கென்று கட்டிய கறுப்புத் துணி சேறு ஏறிய தடத்தைத்தானே மறைக்கிறது? அவருக்காக அழ நாம் கூடியிருக்கும் இந்த மண்டபம் அவர் போட்ட கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது!

இனி கீழ்க்கரைக் காவலையும் நானே பார்ப்பேன். உங்கள் இரங்கல் தீர்மானம் அவருக்கு வேண்டாம். சேற்றில் கிடைத்த அவருடைய சங்கைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் போய் ஊதப்போகிறேன். நார்சிசா ஏற்கெனவே கடப்பாரையோடு வெளியே நிற்கிறாள். இன்றைக்காவது வாருங்கள்.