எட்டெழுத்து

— கதவைச் சாத்திடுங்கோ, மிஸஸ் பவுல். ஏசி வெளில போறது.

— நாலு நாளா திறந்துதானே சார் கிடக்கு. இன்னிக்கு மட்டும் யார் காதுல விழக்கூடாது?

— அதெல்லாம் ஒண்ணுமில்லை. உக்காருங்கோ… சாப்ட்டாச்சா?

— டப்பாவைத் திறந்தப்பதான் ஆள் அனுப்பினீங்க. விஷயத்தைச் சொல்லுங்க சார்.

— தண்ணி புரோகிராம்… ஓட மாட்டேங்கறது.

— எந்தத் தெருவுக்கு எப்போ குழாய்ல தண்ணி விடணும்னு கணக்குப் போடுமே, அதுவா?

— அதான். உங்க ஆத்துக்காரர் எழுதினது. மூணு மணிக்கு டெல்லிலேர்ந்து பெரிய மனுஷா வரா. கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டணும். இப்பவே ஒண்ணரை.

— போன மாசம் கூட நல்லா ஓடிச்சே. என்னதான் சொல்லுது?

— பவுல்சாமின்னு இங்க யாரும் இல்லேங்கறது… ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்கோ… மிஷின் சொன்னதைச் சொன்னேன்…

— புரியுது சார். அவர் போயி ஒரு வருஷம் ஆவுது. மிஷினுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்.

— அப்படியில்லை… டிஸ்க்குல அவர் பேர்ல ஒரு இடம் இருந்துதோல்லியோ? புரோகிராம், தெரு லிஸ்ட், எல்லாம் அதுலதானே…

— இப்போ அந்த இடம் இருக்கா, இல்லையா?

— இருக்கு, இருக்கு. பேர் மட்டும்… மாறிடுத்து.

— தானாவா?

— நம்ம ஆபரேட்டர் கஸ்தூரிரங்கன் ஏதோ ஒழுங்கு பண்றேன்னு…

— அவர் பொண்ணு கல்யாணத்துக்காகப் பத்து நாளா லீவு சார். ஞாயித்துக்கிழமை பந்தியில நீங்க எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. என்ன பேர் வெச்சீங்க?

— … சுப்பராம்.

— உங்க பேர் சுப்பராமன்தானே?

— எட்டெழுத்துக்கு மேல ஏறலை. இங்கிலீஷ்ல எழுதினா என் பேர் பத்து வரது. கடைசி ரெண்டை நறுக்கிட்டேன்.

— அடுத்தவர் சட்டைன்னா அளவு சரியா வராது சார்.

— குத்திக் காட்டுங்கோ. வாங்கிக்கறேன்.

— துளை போட்ட கார்டுப் பெட்டியை இப்படித் தள்ளுங்க. இடத்துக்குப் பேரை மாத்திட்டீங்க. அங்க போயி எடுத்துட்டு வான்னு மிஷினுக்குச் சொல்ற கார்டெல்லாம் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லுது. வீட்டு நம்பரை மாத்திட்டு தபால்காரர்கிட்ட சொல்லலேன்னா அவர் எங்க போவாரு?

— எத்தனை கார்டு இருக்கும்?

— பதினொண்ணு. இது மூணாவது… இது ஒம்பதாவது. கடைசி ரெண்டு நடுவுல ஒளிஞ்சிருக்கும். இதோ.

— பாக்காமலே எடுக்கறேளே!

— … பஞ்ச் பண்ணினது நான்தானே சார்.

— பஞ்சிங் செக்‌ஷன்ல பத்து பேர் இருக்கா. நேத்து அடிச்ச கார்டு ஒருத்தருக்கும் இன்னிக்கு ஞாபகம் இருக்கறதில்லை.

— எனக்கு இருக்கு. விடுங்க, போயி புதுசா அடிச்சுட்டு வரேன்…

— வாங்கோ, வாங்கோ. ரெண்டேகால் ஆயிடுத்து. பதினொண்ணும் ஆச்சா?

— ஆச்சு. பழசை எடுத்துட்டு இதைச் சொருகிப் போட்டுப் பாருங்க.

— இருங்கோ… வரது! ஓடறது! கச்சேரி ரோடு அஞ்சரை மணி, பஜார் ரோடு ஆறேகால்…

— அப்ப நான் வரேன் சார். சோறு ஆறிப் போயிருக்கும்.

— நில்லுங்கோ… ஏன் மாத்தினேன்னு கேக்க மாட்டேளா?

— தெரிஞ்சதைக் கேட்டு என்ன பண்றது?

— நான் எழுதினதுன்னு டெல்லிக்கு லெட்டர் போட்டுட்டேன். செத்தவன் வந்து கேக்கவா போறான்னு ஒரு துணிச்சல். ஆத்துலயும் அப்படியே சொல்லி வெச்சிருக்கேன். என் பையன் ஸ்கூல் பூரா சொல்லிண்டு திரியறான். இப்போ உங்க மூஞ்சியைப் பாக்க முடியலை… அசிங்கமா இருக்கு.

— விடுங்க சார்.

— விட முடியலையே! டெல்லிக்காரா கேள்வி கேட்டா பதில் சொல்லணுமேன்னு நேத்து பூரா படிச்சேன். பாதி புரியலை. யூ எல் ஏ ஐ-ன்னு ஒரு பேர் வரது. அது என்ன… உலையா?

— உலைதான். முறை வர வரைக்கும் தெருவெல்லாம் அதுல காத்திருக்கும். கொதிக்கறதுக்கு முன்னாடி அரிசி போட முடியாதில்ல?

— அப்பறம் குடம்னு ஒண்ணு.

— ஒரு வீட்டுக்கு எத்தனை குடம்னுதானே சார் கணக்கு. எழுபத்தஞ்சுல எங்க தெருக்குழாய்ல வெறும் காத்துதான் வந்துச்சு.

— உலை, குடம்… பவுல்சாமி சமையக்கட்டுலயே உக்காந்து எழுதினானா என்ன!

— அவரா? அவருக்குச் சுடுதண்ணி வைக்கக் கூடத் தெரியாது சார்…

— மிஸஸ் பவுல்.

— நேரமாவுது சார்.

— ஆகட்டும். இருங்கோ, போன்… ம், கார் அடையாறு பாலம் தாண்டியாச்சாம். பழைய பேரையே போட்டுடறேன். பழைய பதினொரு கார்டையும் மறுபடி சொருகினா ஆச்சு. இது பவுல்சாமியோடதுன்னு என் வாயாலயே அவாகிட்ட சொல்லிடறேன்.

— வேணாம் சார்… அதுவும் பொய்தான். கார்டு அடிக்கறவளுக்கு டிஸ்க்குல யாரு இடம் குடுப்பாங்க? நான் எழுதினதை அவர் பேர்ல வெச்சேன். அவர் அடக்கத்தன்னிக்குச் சர்ச்சுல சாமியார் இதைச் சொல்லிப் புகழ்ந்தப்போ கூட வாயைத் திறக்கலை. இருந்தவரைக்கும் அவரையும் பொய் சொல்ல வெச்சேன், செத்தப்புறமும் வெச்சேன். முதல்ல பேரை மாத்தினது நீங்க இல்ல சார், நான்.

— … அப்போ எந்தப் பேரைப் போடட்டும்? ஆறு வருஷமா மிஸஸ் பவுல்னே கூப்பிட்டுண்டு… உங்க பேர் கூட எனக்கு…

— வெரோனிகா. இங்கிலீஷ்ல எண்ணிப் பாருங்க சார்… ஒரு எழுத்தும் நறுக்க வேண்டாம்.