அபிராமபுரத்தில் ஒரு புது வீடு

“அந்த ஆத்துல நாம வாய்விட்டுச் சண்டை போடலாம்.”

லஸ்ஸில் டிராம் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த பெண், தன் கணவரிடம் இப்படித்தான் ஆரம்பித்தாள். அபிராமபுரத்தில் வீடு பார்த்துவிட்டு வருகிறார்கள் போலிருந்தது. பழைய பங்களாவின் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில், ஒரு துண்டில் புதிதாகக் கட்டிய வீடு.

“ஒரு தென்னங்கன்னு நடக்கூட இடமில்லையேடி. இதே விலைக்கு அடையாறுல பெரிய மனையே கிடைக்கும்” என்றார் அவர்.

“தென்னங்கன்னு யாருக்கு வேணும்? ஒண்டுக்குடித்தனத்துல, நடுவுல வெறும் தட்டி. அந்தண்டை தும்மினா இந்தண்டை கேக்கறது. கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் உரக்கச் சிரிச்சதில்லே, அழுததில்லே.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “அந்த ஆத்துல பாடலாமோ?”

“யாரு, நானா?”

“நான்தான்.”

அவள் முழுக்க அவர் பக்கம் திரும்பிவிட்டாள். “நீங்க பாடுவேளா?”

“கல்யாணத்துக்கு முன்னால தினமும் பாடுவேன். இந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தப்புறம் விட்டுப்போச்சு.”

“எனக்குத் தெரியவே தெரியாதே! ஒரு வரி பாடுங்கோளேன், மெதுவா.”

அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துக் கூச்சப்பட்டார். “இங்கே எப்படி? ஆத்துக்குப் போய்ப் பாடறேன்.”

“எந்த ஆத்துக்கு?”

டிராம் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அவர் எழுந்தார்.

“இறங்கு. திரும்பிப் போய், வாங்கிக்கறோம்னு சொல்லிட்டு வந்துடலாம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் இறங்கியிருந்தாள்.