கோட்டைப் படியில் நான் கட்டிய கயிறு

துறைமுக விசாரணை அலுவலகம். இரண்டாவது வாக்குமூலம். பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே, மாற்றம் இல்லை. வயது இருபத்தாறு. தொழில்: அச்சகத்தில் பிழை திருத்துபவர். மேற்படியார் யாரும் அழைக்காமல் தாமாகவே அலுவலகத்துக்கு வந்து கூறியதாவது:

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி இதே அறையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றைச் சொல்லவில்லை. கோட்டைப் படியில் படகைக் கட்டியது நான். தான் கட்டியதாக என் அண்ணன் எனக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். யார் கட்டியது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் அண்ணன் பயணிகள் படகில் பதினோரு வருடமாக ஓட்டுநர். விபத்துக்குள்ளான சிறிய படகு ஒரு பல் மருத்துவருடையது. அவர் அதைப் பக்கத்துத் துறைமுகத்தில் புதிதாக வாங்கியிருந்தார். விடுமுறை நாளில் அதை ஓட்டிவந்து தரும்படி அண்ணனைக் கேட்டிருந்தார். வழியில் எங்கும் இறங்கக்கூடாது என்று சொல்லவில்லை. பெயின்டில் கீறல் விழக்கூடாது என்று மட்டும் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

கோட்டைக்குப் போகலாம் என்று கேட்டது நான். எங்கள் வீட்டுச் சமையலறை சன்னலிலிருந்து அந்தத் தீவும் கோட்டையும் தெரியும். கோட்டை தெளிவாகத் தெரிந்தால்தான் அம்மா துணி காயப்போடுவார். மங்கலாக இருந்தால் மழை வரும் என்பது அவர் கணக்கு. இருபது வருடம் அப்படிப் பார்த்தும் எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. நாங்கள் கிளம்பும்போது அம்மா, "அங்கேருந்து நம்ம வீடு தெரியுதான்னு பாருங்க. மாடியில சிவப்புப் போர்வையைக் காயப்போட்டு வைக்கிறேன்" என்றார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மாடிக்கு மூன்று தளம் ஏற வேண்டும். வேண்டாம் என்று இருவரும் சொன்னோம். கேட்கவில்லை.

அதன் பிறகு காலை பதினொன்று பத்துக்குக் கோட்டைப் படியை அடைந்தோம். தண்ணீர் நன்றாக ஏறியிருந்த நேரம். மேலே மூன்று படிதான் வெளியே தெரிந்தது. படியின் பக்கச் சுவரில் ஓர் இரும்பு வளையம் உண்டு. அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டு, "கட்டு, கயிறை நீளமா விடு" என்றார். அந்த நேரம் அம்மா போனில் அழைத்ததால் பேசிக்கொண்டே படி ஏறினார். படகு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் கீறிவிடும் என்று நான் கயிற்றை இழுத்து, சுமார் மூன்றடி மட்டும் விட்டு, வளையத்தில் முடிச்சுப் போட்டேன். மீதியை வட்டமாகச் சுருட்டிப் படியில் வைத்தேன். அண்ணன் மேலே இருந்து திரும்பாமலே, "நீளமா விட்டியா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். எதற்காக நீளமாக விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதன் பிறகு கோட்டைக்குள் போனோம். வாசல் கதவு இல்லை. வெடிமருந்து அறை, தண்ணீர்த் தொட்டி, கூரை விழுந்த நீள அறை ஒன்று ஆகியவற்றைப் பார்த்தோம். நான் ஒரு கல்வெட்டின் முன் நின்றபோது அண்ணன், "பண்டிதரே, பரீட்சைக்கா படிக்கிறீங்க? வாங்க" என்றார். வீட்டில் அவர் என்னை அப்படித்தான் அழைப்பார். மேல்தளத்தில் கடலைப் பார்த்தபடி பீரங்கிக்கான சன்னல்கள் பதினான்கு. கரையைப் பார்த்த பக்கம் ஒரே ஒரு சன்னல். அந்தப் பதினான்கின் அடிக்கல்லும் தட்டையாக இருந்தது. இந்த ஒன்றின் அடிக்கல் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தது. கோட்டையைப் பற்றி நான் இரண்டு புத்தகம் படித்திருக்கிறேன். இரண்டிலும் இது இல்லை. அண்ணன் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "காவலுக்கு நின்னவன் எல்லாம் இங்கேதான் உட்கார்ந்து வீட்டைப் பார்த்திருக்கான்" என்றார்.

அங்கிருந்து எங்கள் வீட்டைத் தேடினோம். கரையில் ஆஸ்பத்திரியும் ஊர் மேல்நிலைத் தொட்டியும் தெரிந்தன. வீடு தெரியவில்லை. அம்மா மாடியில் நின்றபடி மறுபடி அழைத்தார். "டேய், தொட்டிக்கு இடது பக்கம் பாருடா. இவ்வளவு பெரிய போர்வை, கண்ணுல படலையா?" அண்ணன், "தெரியுதும்மா, பளிச்சுன்னு தெரியுது, நீ கீழே இறங்கு" என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது மணி பன்னிரண்டரை. அவர், "தண்ணி இறங்க ஆரம்பிச்சிருக்கும், போகலாம்" என்றார். நான், "பொய் சொல்லிட்டுப் போறதா? நிஜமா பார்த்துட்டுப் போலாம்ணா" என்றேன். "மாடி ஏறினது அம்மா, வம்பு பண்றது நீயா?" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் இருந்தார். அதன் பிறகு ஒரு மணி நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம். அந்தத் தாமதம் முழுவதும் என்னால் ஆனது.

மேகம் விலகியபின் இரண்டு மணி பத்துக்குப் போர்வை தெரிந்தது. கடுகளவு சிவப்பு. முதலில் பார்த்தது அண்ணன். அவர் என் தலையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். நான் அம்மாவை அழைத்துச் சொன்னேன். அம்மா இன்னும் மாடியில்தான் இருந்தார். "நான் கையாட்டறேன், தெரியுதா?" என்று கேட்டார். போர்வை மட்டும்தான் தெரிந்தது. தெரியுதும்மா என்றேன்.

அதன் பிறகு கீழே இறங்கினோம். பதினோரு படி வெளியே வந்திருந்தது. நான் கயிறு விடாததால், தண்ணீர் இறங்கியபோது படகும் கூடவே இறங்க முடியாமல், முன்பக்கம் வளையத்தில் தொங்கி, என்ஜின் உள்ள பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது. பாரம் தாங்காமல் படகின் முனையில் இருந்த இரும்புக் கொக்கி பலகையோடு பிய்ந்துவிட்டது. வளையத்தில் என் முடிச்சும் கயிறும் கொக்கியும் தொங்கின. படகு இருபது அடி தள்ளிப் பாறையில் கிடந்தது. அடியில் ஓட்டை. அண்ணன் வளையத்தைப் பார்த்தார், படியில் சுருட்டி வைத்த கயிற்றைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "சுருட்டினது அழகா இருக்கு" என்றார்.

அதன் பிறகு ரோந்துப் படகு வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அதில் உட்கார்ந்திருந்தபோது அவர் என் காதில், "கட்டினது நான். நீ மேலே நின்னு வேடிக்கை பார்த்தே, அவ்வளவுதான். நூலக வேலைக்கு போலீஸ் சான்றிதழ் வரணுமில்ல? வாயைத் திறக்காதே" என்றார். அரசு நூலகத்தில் எனக்கு வேலை உறுதியாகி, எந்த விசாரணையிலும் என் பெயரில் குற்றம் பதிவாகவில்லை என்ற சான்றுக்காகக் காத்திருந்தேன். அந்த வேலைக்கு மூன்று முறை தேர்வு எழுதியிருந்தேன். அதனால் சொல்லவில்லை.

அன்று மாலை ஐந்தேமுக்காலுக்கு வீடு வந்தோம். போர்வை அப்போதும் கொடியில் இருந்தது. நீங்கள் திரும்பும்போதும் பார்ப்பீர்கள் என்று எடுக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

இரண்டு வாரத்துக்குப் பின் அண்ணனுக்கு, உரிமத்தை ஏன் நிரந்தரமாக ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு அலுவலகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, வேலைச் சட்டையைப் போட்டு, சமையலறை சன்னலில் நின்று கடலைப் பார்க்கிறார். அதன் பிறகு சட்டையைக் கழற்றி மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுகிறார். அம்மா தினமும் அந்தச் சட்டையைத் துவைத்துப் போடுகிறார். போடாத சட்டையை எதுக்கும்மா துவைக்கறே என்று நேற்று நான் கேட்டேன். அம்மா, "அவன் போடறானே" என்றார். இன்று காலை இங்கே வந்தேன். வந்தது அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணனைக் காப்பாற்றுவதற்காகத்தான் இப்படிச் சொல்கிறீர்கள் என்று ஏன் நினைக்கக்கூடாது என விசாரணை அதிகாரி கேட்டார். வளையத்திலிருந்து எடுத்து வைத்திருக்கும் முடிச்சைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். எனக்கு எட்டு வயதில் அந்த முடிச்சை அண்ணன் சொல்லிக்கொடுத்தார். நான் இடது கைக்காரி என்பதால் எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்யச் சொன்னார். அதனால் என் முடிச்சு அவருடையதற்கு நேர்மாறாக விழும். அலுவலகத்தில் கயிறு இல்லாததால் உதவியாளர் சன்னல் திரைக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். நாற்காலிக் கையில் கட்டிக் காட்டினேன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லையே என்றார். முடிச்சு சரிதான், கயிறுதான் குட்டை என்றேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு எழுத்துப் பிழைகளை நானே திருத்தினேன். விஷயத்தில் திருத்தம் இல்லை. அண்ணனிடம் "ம்" என்றதும், அம்மா கையாட்டியது தெரிந்தது என்று போனில் சொன்னதும்தான் நான் சொன்ன பொய். மற்ற எல்லாம் நடந்தது நடந்தபடியே. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

ஒப்பம் (இடது கையால்).

கோப்புக் குறிப்பு: ஓட்டுநர், தங்கையின் சொல்லை நம்பிக் கயிற்றைச் சரிபார்க்காமல் விட்டதற்காக அவருடைய உரிமம் முப்பது நாள் நிறுத்தி வைக்கப்பட்டு, பின் அவரிடமே திருப்பித் தரப்பட்டது. வாக்குமூலம் அளித்தவருக்குச் சான்று வழங்கப்படவில்லை. நூலக வேலை பட்டியலில் அவருக்கு அடுத்திருந்தவருக்குப் போனது.