முப்பத்தாறு நேர்க்கம்பிகள்

சைக்கிள் சக்கரம் வாங்க வருகிறவர்களில் கம்பிகளை எண்ணிப் பார்க்கிறவர் ஒருவரும் கிடையாது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், தர்பூசணி வாங்குகிற மாதிரி ரிம்மை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அதோடு சோதனை முடிந்தது.

நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், ஐயா. இந்த மேசையில் கிடக்கும் சக்கரத்தில் கட்டும்போது முப்பத்தாறு கம்பிகள் இருந்தன, இப்போது நடுவில் உள்ள ஹப்பில் நிற்பது இருபத்தொன்பது என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறது. தலைகீழாகவே படித்துவிட்டேன். எதிரில் இருப்பவன் காகிதத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரியாதவன் கடைக்காரன் வீட்டில் பிறந்திருக்க மாட்டான்.

எங்களுடையது துணிக்கடை. அப்பாவுக்கு இரண்டே சட்டம். கேட்டதைக் கொடு. கொடுத்ததைத் திரும்ப வாங்காதே. சாயம் போன துணியோடு ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தபோது அப்பா கும்பிட்டுச் சொன்னார்: "அம்மா, ராசியான கையால நீங்க எடுத்துட்டுப் போனது. அதுல மறுபடியும் என் கை படலாமா?" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு துணி வாங்கிப் போனாள்.

அப்பா துணியை முழுக்கக் கத்தரிக்க மாட்டார். ஓரத்தில் விரல்நுனி அளவு ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு. சர்ரென்று கடைசி வரை நேராகக் கிழியும். "வழியக் காட்டிட்டாப் போதும். மீதிக்குத் துணி தானாப் போகும்" என்பார்.

நான் துணிக்குப் போகாமல் சக்கரத்துக்கு வந்தேன். ஊரில் என்னைக் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். இனி நான் கம்பி எண்ணப் போகிறேன் என்று வெளியே நிற்கும் உங்கள் காவலர்கள் ஏற்கெனவே சிரித்தாயிற்று. சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கொண்டுதானே இருக்கிறேன்.

சாதாரணச் சக்கரத்தில் கம்பிகள் ஹப்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி, கூடை முடைகிற மாதிரி ஒன்றையொன்று தாண்டி ரிம்முக்குப் போகும். என் பின்னல் வேறு. மூன்று மூன்றாகப் பிரித்தேன். நடுக்கம்பி நேராகப் போகும். இரண்டு பக்கத்துக் கம்பிகளும் அதன்முன் கைகோத்து, ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு பிரியும். இதைச் சரியாகக் கொண்டுவர மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் நான்கு சக்கரங்கள் எட்டாக வளைந்து போயின. ஐந்தாவது நின்றது.

அதை முதலில் ஓட்டியவன் என் மாப்பிள்ளை. தங்கையின் கணவன். வாரநாளில் தண்ணீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் வேலை, ஓய்வு நாளில் சைக்கிள் பந்தயம். சக்கரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மச்சான், ஈர மண்ணுல காக்கா நடந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

"ஓடுமான்னு பாரு."

"காக்கா நடக்கும் மச்சான். ஓடாது. நான் ஓட்டினா பறக்கும்."

பறந்தது. அன்றிலிருந்து அந்தப் பின்னலுக்குக் காக்காய்க்கால் என்று பெயர். பெயர் வைத்தவன் அவன். பெற்றவன் நான். இந்த வேறுபாட்டை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம், எனக்கு டயர் கொண்டுவந்து போடும் டயர்க்காரர் என் பட்டறைக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு சிறு புத்தகம். பெரிய சக்கரத் தொழிற்சாலை ஒன்று கடைகளுக்கு அனுப்புவது.

"என்ன கம்பி, உன் சரக்கு உன் மாப்பிள்ளை கையில நிக்குது? சீதனத்துல சேத்துக் குடுத்திட்டியா?"

வாங்கிப் பார்த்தேன். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிற மாதிரி என் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளை சிரிக்கிறான். கீழே ஒரே வரி: 'விரைவில் வருகிறது, எங்கள் புதிய பின்னல்.' எங்கள் என்ற சொல்லை மட்டும் நான் பலமுறை படித்தேன். என் பெயரைத் தேடிக் கடைசி அட்டை வரைக்கும் போனேன். அங்கே தொழிற்சாலையின் தொலைபேசி எண்தான் இருந்தது.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவன் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உலகத்துக் கதையெல்லாம் பேசினான். தொழிற்சாலை என்கிற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவனுக்குக் கைகழுவும் வரைக்கும்கூட நினைவில்லை என்று நினைத்தேன்.

ஏன் அவனையே கேட்கவில்லை என்று நீங்கள் நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான், ஐயா. அவன் சொன்னால் நம்பும்படி இருக்கும். பிறகு எனக்கு என்ன மிஞ்சும்?

பத்து நாள் கழித்து அவனே வந்தான். துணிப்பையில் ஒரு பழைய ஹப். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் முதன்முதலில் ஜெயித்த சக்கரத்தின் ஹப். சாதாரணப் பின்னலில் நான் கட்டிக் கொடுத்தது. ரிம்மும் கம்பியும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஹப்பை மட்டும் துடைத்து அலமாரியில் வைத்திருந்தான்.

"மச்சான், அடுத்த ஞாயிறு மலையிறக்கப் பந்தயம். இதுல முன்சக்கரம் ஒண்ணு கட்டிக் குடு. ராசியான ஹப்."

"காக்காய்க்காலா?"

"வேணாம், வேணாம். இந்தத் தடவை நேர்க்கம்பி. முப்பத்தாறும் நேரா, சூரியன் கதிர் மாதிரி." என் முகத்தைப் பார்க்காமல், தரையில் கிடந்த, கம்பியை ரிம்மில் முடுக்குகிற ஒரு நிப்பிளைக் காலால் உருட்டிக்கொண்டே சொன்னான்: "காக்காய்க்காலக் கொஞ்ச நாளைக்கு வெளிய காட்ட வேணாம் மச்சான்."

"ஏன்?"

"சும்மாதான்."

எத்தனையோ பேரோடு பேரம் பேசியவன் நான். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று தெரியாதா? மறைத்தான். அது வரைக்கும் என் கணக்கில் தப்பில்லை.

ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். ஹப்பின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தட்டு இருக்கிறதே, அதில்தான் கம்பியின் வளைந்த தலை மாட்டியிருக்கும். பின்னல் சக்கரத்தில் கம்பி ஓட்டையைப் பக்கவாட்டில் இழுக்கும். ஒன்பது வருடம் இழுத்தால் அந்தப் பக்கம் தடம் விழுந்துவிடும். நேர்க்கம்பி அப்படி இழுக்காது. தட்டின் விளிம்பை நோக்கி நேர் வெளியே இழுக்கும். அங்கே இருப்பது மூன்று மில்லிமீட்டர் அலுமினியம். புது ஹப்பென்றால் அநேகமாகத் தாங்கும். ஏற்கெனவே தடம் விழுந்த ஹப்பை எந்தக் கட்டுகிறவனும் அப்படிக் கட்ட மாட்டான்.

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். பழைய ஹப்புக்கு நேர்க்கம்பி ஆகாது, மாப்பிள்ளை. ஐந்தே சொல். அவனே வழியும் விட்டான்.

"தாங்குமா மச்சான்?"

"நான் கட்டினது எது தாங்காமப் போச்சு?"

"அதானே. உன்னை விட்டா நான் வேற எவன்கிட்டப் போவேன்?"

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் ஒன்று கேட்டான், நானும் ஒன்று கேட்டேன். கேள்வியைக் கேள்வியால் அடைப்பது கடைத்தெருவில் தினமும் நடக்கிற காரியம்.

இரண்டு நாள் எடுத்துக் கட்டினேன். இவ்வளவு அமைதியாக நான் எந்தச் சக்கரத்தையும் கட்டியதில்லை. ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டி, பக்கத்துக் கம்பியின் சத்தத்தோடு ஒத்துப் போகும் வரை திருகினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே. கோட்டம் எடுத்து முடித்தபோது ஒரு தலைமயிர் அளவுகூட ஆட்டமில்லை. புதன்கிழமை மாலை வந்து வாங்கிப்போனான். சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கை வந்தாள். பட்டறை முக்காலியைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"சொல்லு."

"அவர் வாயில எதுவும் நிக்காதும்பியே, மூணு மாசமா ஒண்ண நிறுத்தி வச்சிருக்காரு. உன் காக்காய்க்காலப் பெரிய கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. உன் பேரு போட்டுத்தான் விக்கப் போறாங்களாம். முதல்ல முடியாதுன்னாங்களாம். பேரு போடாட்டி சக்கரமே கிடையாதுன்னு இவரு நாலு தடவை எந்திரிச்சு வந்துட்டாராம். புத்தகத்துல பேர் இல்லாம அச்சாயிடுச்சுன்னு அங்க போய் ஒரே சண்டை. நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் கம்பெனி ஆளுங்க வந்து உன் பேரு வெட்டின தகடு குடுக்குறாங்க."

நான் ஒரு நிப்பிளை எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னியே."

சிரித்தாள். "நல்ல சட்டையாப் போட்டுட்டு வா. இந்தக் கிரீஸ் சட்டையோட வந்து நின்னு மானத்த வாங்காத."

"வர்றேன்" என்றேன். போய்விட்டாள்.

அப்போது மணி பத்தே முக்கால். பந்தயம் மறுநாள் ஒன்பதரைக்கு. பட்டறைச் சுவரில் தொலைபேசி இருக்கிறது. மாப்பிள்ளை வீடு பத்து நிமிட நடை. இதையெல்லாம் நீங்கள் அளந்து வைத்திருப்பீர்கள். நானும் அன்றைக்கு அளந்தேன்.

ஆனால் என் நிலையில் இருந்து பாருங்கள். என்ன சொல்லி அதைத் திரும்ப வாங்குவது? விற்ற சரக்கை வாங்குவது எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. ஒருமுறை வாங்கினால் அதுவரை விற்றதெல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும். சரி, அப்பாவின் சட்டத்தை ஒரு நாள் மீறுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் கேட்கிறாய் என்பான். புத்தகம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இப்போது மனம் மாறியது எப்படி என்பான். தங்கை சொன்னதைச் சொல்ல வேண்டும். அவள் என்னை நம்பி, யாரிடமும் காட்டிக்கொள்ளாதே என்று சொன்ன விஷயம் அது. எனக்கு ஒருவன் துரோகம் செய்துவிட்டான் என்று இருபது நாள் வெந்தவன் நான். நானே இன்னொருத்தியின் நம்பிக்கையைக் கெடுக்கலாமா? அன்று மதியம் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். தங்கை கையில், கம்பெனி ஆட்கள் வைத்துக்கொள்ளச் சொன்ன, காகிதம் சுற்றிய பொட்டலம். அந்த ஆட்கள் இரண்டு பேர், கழுத்துப்பட்டியோடு வெயிலில் வியர்த்துக்கொண்டு. முதல் ஆள் வந்தான். இரண்டாவது, மூன்றாவது. அப்படி ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். தங்கை விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். பத்தாவது விரலை மடக்கவில்லை.

ஏழாவது வளைவில் பிரேக் பிடித்திருக்கிறான். ஒரு சத்தம் கேட்டது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். துணி கிழிகிற மாதிரி இருந்ததா என்று கேட்க நினைத்தேன். அந்த இடத்தில் கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். பழைய ஹப், தெரியாமல் கட்டிவிட்டார் என்று என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்கள். நீங்கள்தான் நேற்று இந்தச் சக்கரத்தைத் தூக்கி, ரிம்மில் காற்றடிக்கும் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தீர்கள். ஹப்பின் நடுவில் இருக்கிற முத்திரை அந்த ஓட்டைக்கு நேராக, படிக்கும்படி நிற்கிறது. நல்ல கட்டுகிறவன் எவனும் அதைச் செய்யாமல் சக்கரத்தை வெளியே விடமாட்டான். அதனால் ஓட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வாங்குகிறவன் கவனிக்கவும் மாட்டான். நம் கைக்கு நாமே போடுகிற சலாம்.

"இதைக்கூடப் பாத்துப் பாத்துக் கட்டினவருக்கா, ஹப்புல விழுந்த தடம் தெரியாமப் போச்சு?" என்றீர்கள். இருபது வருடத்தில் என் வேலையை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் நீங்கள்தான். உண்மையைச் சொன்னால் மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டதே அதனால்தான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தில் மற்றதெல்லாம் அவன் கேட்டது. கேட்காமல் நான் செய்தவை இரண்டு. ஒன்று, அந்த முத்திரை. மற்றது, இடப்பக்கத் தட்டில் அடுத்தடுத்து ஏழு ஓட்டைகளில், விளிம்பைப் பார்த்த ஓரமாக, ஊசி அரத்தால் வைத்த சின்னச் சின்ன வெட்டு. விரல்நுனி அளவுகூட இல்லை. வழியைக் காட்டினேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. பொட்டலத்தைத் தங்கை என்னிடம் கொடுக்கவில்லை. அதை ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல் பெஞ்சில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். நான்தான் பிரித்துப் பார்த்தேன். பித்தளைத் தகடு. என் பெயர் பெரிய எழுத்தில், சுத்தமாக வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'முதலில் ஓட்டியவர்' என்று போட்டு, அவன் பெயர்.

அதைப் படித்த பிறகுதான் என் நெஞ்சு ஆறியது, ஐயா. நான் அவனைச் சந்தேகப்பட்டது ஒன்றும் வீண் இல்லை.