மூக்கி வாசல்

கயிறு மட்டும்தான் கிடந்தது. நாயைக் காணோம்.

பெத்தணன் தலையில் கல்யாண வீட்டுப் பூசணிக்காய், கையில் பலகாரச் சட்டி. அதை இறக்கி வைக்கக்கூடத் தோணாமல் வாசல் புளியமரத்தைப் பார்த்தபடி நின்றானாம். மரத்தில் அவன் போட்ட முடிச்சு போட்டபடி இறுகிக் கிடக்கிறது. கயிற்றின் மறுநுனி புழுதியில் கிடக்கிறது, நார் நாராய்ப் பிய்ந்து. சுற்றிலும் மண் கிளறிப் போயிருக்கிறது. கிளறின மண்ணில் வட்ட வட்டமாய்க் கால் தடம். நகம் பதியாத தடம்.

ஆனைக்கரட்டுப்பட்டியில் பிறந்தவனுக்கு அது எதன் காலடி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுத்தை.

எப்போ நடந்தது என்று கேட்டால் யாருக்கும் வருசம் தெரியாது. மலைக்கு ரோடு வராத காலம், ஊருக்குள் ஓட்டு வீடே இல்லாத காலம் என்பார்கள். அம்புட்டுத்தான் கணக்கு. மேற்கே மலை, கிழக்கே ஒத்தையடிப் பாதை, நடுவில் கூரை வீடுகள். ஆடு மேய்ப்புதான் பிழைப்பு. இன்றைக்கு ஊரில் பாதிப் பேர் பெத்தணன் வம்சம். அதனால் அவனைப் பெரிய வீரன், தீரன் என்று சொல்லி ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் சும்மா. அவன் அன்றைக்குச் செய்தது மடத்தனம். அதைச் சொன்னால்தான் கதையே நிற்கும்.

மூக்கி கறுப்பு நாய். நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதனால்தான் அந்தப் பேர். பெத்தணன் ஆட்டை ஓட்டினால் முன்னால் போவாள். பெத்தணன் உட்கார்ந்தால் காலடியில் படுப்பாள். அவனைத் தவிர வேறு யார் பின்னாலும் போக மாட்டாள்.

காட்டுக்குப் போகும்போது அவள் கழுத்தில் ஆணிப்பட்டை இருக்கும். தோல் வாரில் ஆணி அடித்திருப்பார்கள், கூர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிறுத்தை நாயைப் பிடித்தால் கழுத்தைத்தான் கவ்வும். கவ்வினால் அதன் வாய்தான் கிழியும். அந்தப் பட்டையோடு மூக்கி சிறுத்தையை எதிர்த்து நின்று விரட்டியதை ஊரே பார்த்திருக்கிறதாம். ஆனால் பொழுது சாய்ந்து வீடு வந்ததும் பட்டையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஊர் வழக்கம். "வீட்டுக்குள்ள செருப்புப் போட்டா நடக்குறோம்?" என்பார்கள். காட்டில்தான் ஆபத்து, வாசலில் என்ன வந்துவிடப் போகிறது? அப்படித்தான் எல்லாரும் இருந்தார்கள்.

இப்போ கல்யாணத்துக்கு வருவோம்.

மலைக்குக் கீழே நாவலூத்து. பெத்தணன் பெண்டாட்டி சிலம்பாயி பிறந்த ஊர். அவள் அண்ணன் ஒய்யணன் மகளுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தவன் போகிற போக்கில் ஒன்று சொன்னான்.

"மாப்ள, குடும்பத்தோட வந்துரணும். ஆனா உங்க மூத்த சம்சாரத்தை மட்டும் விட்டுட்டு வாங்க."

பெத்தணனுக்குப் புரியவில்லை. "யாரைச் சொல்றீக மச்சான்?"

"அந்தா, உங்க காலடியில காலை நீட்டிப் படுத்துக் கெடக்காளே, அவதான். காதுகுத்துக்கு வந்து கெடாத் தொடையவே இழுத்துட்டுப் போன மகராசி. சம்பந்தகாரங்க முன்னால என் மானத்தை வாங்கிப்புடாதீக."

வீடே சிரித்தது. சிலம்பாயியும் சிரித்தாள். பெத்தணன் சிரிக்கவில்லை.

சிலம்பாயி வேலைக்குக் கைகொடுக்க முன்னாடியே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாளாம். "இந்தாங்க, மூக்கியை வெளிய கட்டிப்போட்டுட்டு வந்துராதீக. கட்டிப் பழகாத நாயி. வீட்டுக்குள்ள விட்டுச் சாத்துங்க, தண்ணி வச்சுட்டு வாங்க. பட்டையையும் கழட்டாதீக. காதுல விழுதா?"

"விழுது, விழுது. நீ கெளம்பு."

சொன்னாள். கேட்டானா? கேட்கவில்லை.

ஏன் தெரியுமா? கதவுக்காக. எல்லா வீட்டிலும் மூங்கில் தட்டிதான் கதவு. பெத்தணன் வீட்டில் மட்டும் வேங்கை மரக் கதவு. அப்போதுதான் வைத்தது, எண்ணெய் மினுக்குக்கூடப் போகவில்லை. உள்ளே அடைத்தால் மூக்கி பிறாண்டுவாள், பிறாண்டினால் கதவு போச்சு. இதுதான் அவன் கவலை.

வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். மூக்கி தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஒத்தையடிப் பாதையில் முன்னால் ஓடித் திரும்பிப் பார்த்து நின்றாள். "த்தோ… த்தோ…" என்று கூப்பிட்டான். கூப்பிட்டதும் வந்தாள். அதுதான் கொடுமை. வாலாட்டிக்கொண்டே வந்தாள். வழக்கம்போலப் பட்டையைக் கழற்றினான். கயிற்றைப் போட்டான். புளியமரத்தில் கட்டினான்.

"ராத்திரி ஒரு பொழுதுதான் ஆத்தா. விடிஞ்சதும் ஓடியாந்துருவேன்" என்றான்.

பாதை திரும்புகிற வரைக்கும் அவள் குரைத்தது கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது. பூசணிக்காயையும் பலகாரச் சட்டியையும் கொடுத்து, சுமந்துகொண்டு நடக்க வேண்டாம் என்று ஒய்யணன் அவனை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டான். வண்டிப் பாதை இடையில் இருக்கிற கரட்டுக் குன்றைச் சுற்றிக்கொண்டு வரும். என்றைக்கும் ஒத்தையடிப் பாதையில் நடக்கிறவன் அன்றைக்கு வண்டியில் வந்தான். வந்து பார்த்தால், கயிறு மட்டும்தான் கிடந்தது. நாயைக் காணோம்.

பக்கத்து வீட்டு முத்துக்கருப்பி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"நேத்து வெளக்கு வைக்கிற நேரம் கொரைச்சுச்சுண்ணே. ரொம்ப நேரம் கொரைச்சுச்சு."

"வெளிய வந்து பாக்கலையா தாயி?"

"கட்டிப்போட்ட நாயி கொரைக்கத்தானே செய்யும்னு இருந்துட்டோம்."

"பெறகு?"

"பெறகு நின்னு போச்சுண்ணே."

ஊர் கூடிவிட்டது. ஆளுக்கொரு பேச்சு. சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு என்றார்கள். தூக்கிட்டுப் போனா இழுத்த தடம் எங்கே என்றார்கள். ஒருத்தன் கயிற்று நுனியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வெடுக்குனு அறுந்தது இல்லப்பா. மென்னு மென்னு அறுத்தது. நாய்ப் பல்லு" என்றான். அதைத்தான் பெத்தணன் பிடித்துக்கொண்டான். மூக்கி தானே அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். எங்கேயோ இருக்கிறாள்.

ஆணியில் தொங்கின பட்டையை எடுத்துக்கொண்டு மலை ஏறினான். "த்தோ… த்தோ… மூக்கீ…" அவன் கூப்பிட்டதை மலை திருப்பிக் கூப்பிட்டதாம். அவள் சத்தம் இல்லை. அவள் தண்ணி குடிக்கிற சுனை, அவள் படுக்கிற பாறை நிழல், குட்டி போட்ட புதர் என்று ஒவ்வோர் இடமாய்ப் போய் நின்றான். பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தான். பார்த்ததும் முதல் வேலையாய்க் கழுத்தில் மாட்டிவிடணும் என்று நினைப்பு. ஆணி குத்திக் குத்திக் கை புண்ணாய்ப் போயிற்று. சோறு தண்ணி இல்லை. "ஒரு நாய்க்காகவாப்பா?" என்று கேட்டவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான்.

கல்யாண வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சிலம்பாயி ஊர் வந்தாள். வாசலில் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூக்கி எங்க?"

அவன் கயிற்றைக் காட்டினான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முகம் வெளுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழுத்துல மிச்சக் கயிறு தொங்கியிருக்குமா?"

"தொங்கியிருக்கும். ஏன்?"

"நீங்க வண்டியேறிக் கொஞ்ச நேரத்துல பந்தலுக்கு ஒரு நாயி வந்துச்சாங்க. கறுப்பு நாயாம். கழுத்துல அறுந்த கயிறாம். ஒடம்பெல்லாம் ரத்தம், வாயில நுரை. வெறிநாயின்னு அண்ணன் கம்பை எடுத்துருச்சு. நான் அடுப்படியில கெடந்தேன், எட்டிக்கூடப் பாக்கல. எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

பெத்தணன் ஓடினான். ஒத்தையடிப் பாதையில் விழுந்தடித்து ஓடி நாவலூத்துக்குப் போனான். ஒய்யணன் பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இவன் கையில் ஆணிப்பட்டையைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"மாப்ள… அதுவா?"

"மூக்குல வெள்ளைக் கோடு இருந்துச்சா மச்சான்?"

"ரத்தமா இருந்துச்சு மாப்ள. மூஞ்சியே தெரியல."

"எதையாச்சும் தின்னுச்சா?"

ஒய்யணன் பிடுங்கின பந்தல் காலைக் கீழே போட்டான். பிறகு சொன்னான். "அதைத்தான் நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன். எலை குவிஞ்சு கெடந்துச்சு, திரும்பிப் பாக்கல. ஒவ்வொரு ஆளா மோந்து பாத்துக்கிட்டே வந்துச்சு. பந்தல்ல நீங்க உக்காந்திருந்தீகல்ல, அந்த எடத்துக்கு வந்து படுத்துருச்சு. நாங்க அடிக்க அடிக்க எந்திரிக்கல மாப்ள. வெறிநாயி அப்படியா படுக்கும்? அப்பவாச்சும் எனக்கு ஒறைச்சிருக்கணும்."

கிண்டல் பேசின வாயா அது என்று இருந்ததாம். மூத்த சம்சாரம் என்று சொல்லிச் சிரித்தவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

"எங்கிட்டுப் போச்சு?"

"வண்டிப் பாதையில. நொண்டிக்கிட்டே போச்சு. நீங்க போன வாசத்தைப் புடிச்சிருக்கும்."

யோசித்துப் பாருங்கள். சிறுத்தையிடம் கடிபட்டு, கயிற்றைக் கடித்து அறுத்து, எங்கேயோ பதுங்கிக் கிடந்து, அவனோடு தினமும் நடந்த ஒத்தையடிப் பாதையில் இறங்கி வந்திருக்கிறாள். இவனோ அதே நேரம் வண்டியில் கரட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் இவனைத் தேடிக் கீழே வர, இவன் அவளைத் தேடி மேலே போக, நடுவில் ஒரு கரடு.

பெத்தணன் வண்டிப் பாதை நெடுகத் தேடிக்கொண்டே வீடு வந்தான். பள்ளம், ஓடை, முள்ளுக்காடு, ஒன்றையும் விடவில்லை. ரத்தத் துளி கொஞ்ச தூரம் இருந்தது. பிறகு இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. செத்தாள் என்று சொல்லவும் வழியில்லை, இருக்கிறாள் என்று சொல்லவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்தவன் கடப்பாரையை எடுத்தான். அந்தப் புதுக் கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு, மண் சுவரை இடித்தான். ஊர் ஓடிவந்தது.

"பெத்தணா, கிறுக்குப் புடிச்சிருச்சா? எதுக்குடா செவுத்தைப் பேக்குற?"

"அவ வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கா. வந்து பாத்தா கதவு சாத்தியிருந்தா என்ன செய்வா?"

"அதுக்குக் கதவைத் தொறந்து வச்சுட்டுப் போ."

"நான் ஆட்டுக்குப் போயிட்டா எவனாச்சும் சாத்திப்புடுவான். ஓட்டையை எவனும் சாத்த முடியாதுல்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் கடப்பாரையை ஓங்கினான்.

அந்த ஓட்டைதான் மூக்கி வாசல். இன்றைக்கும் ஆனைக்கரட்டுப்பட்டியில் வீடு கட்டினால் நிலைக்கு இடது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சந்து விடுவார்கள். காரை வீடானாலும் சரி, தொகுப்பு வீடானாலும் சரி. வெளியூர் கொத்தனார் "கோழிக்கா?" என்று கேட்டால் "உன் வேலையைப் பாருய்யா" என்பார்கள். வெளியூர் போகிறவர்கள் நாயை வெளியே கட்டிப்போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். உள்ளே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கட்டின நாய் குரைத்தால் அந்தத் தெருவே எழுந்து வந்து பார்க்கும். பட்டையை வீட்டில் கழற்றுகிற வழக்கமும் அதோடு போயிற்று. கழுத்தில் அறுந்த கயிறோடு எந்த நாய் வந்தாலும் யாரும் கம்பை எடுக்க மாட்டார்கள். எட்ட இருந்தே தண்ணியைத் தள்ளிவைத்துவிட்டு, யார் வீட்டு நாய் என்று ஊர் ஊராய் ஆள் விடுவார்கள். கல்யாணப் பந்தலாய் இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் பெத்தணன் இந்த வழக்கத்தையெல்லாம் நினைத்தா இடித்தான்? இல்லை. அவனுக்கு அவள் வரணும். அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்தது. சாரல் அந்த ஓட்டை வழியாய் அடித்து வீடெல்லாம் ஈரம். ஒரு நாள் சாரைப் பாம்பு ஒன்று நுழைந்து அடுப்பு மேட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதை விரட்டிவிட்டு வந்த சிலம்பாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. மெதுவாய்த்தான் சொன்னாளாம்.

"போதுங்க. அவ வர மாட்டா. அடைச்சுருங்க."

அவன் எழுந்து போனான். செம்மண் வெட்டி வந்தான். தண்ணி விட்டான், வைக்கோல் போட்டு மிதித்தான், பதமாய்க் குழைத்தான். கை நிறைய அள்ளிக்கொண்டு ஓட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். ஓட்டை வழியே பார்த்தால் ஒத்தையடிப் பாதை நேராய்த் தெரிந்தது. வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பின அன்றைக்கு அவள் முன்னால் ஓடித் திரும்பிப் பார்த்து நின்ற இடமும் தெரிந்தது.

சிலம்பாயி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த மண் காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

அடைக்கவில்லை.